கேம் கன்சோல் வைஃபையில் இணையாதபோது நாம் செய்யும் தவறுகள்

புதுச்சேரியின் பழைய தமிழ்ப்பகுதி வீடுகளில் ஃபைபர் வயர் தெருக்கம்பத்திலிருந்து திண்ணைக்கு மேலாக வந்து, ரேழிச் சுவரில் இட்ட ஒரு துளை வழியே நுழைந்து, அங்கேயே ரவுட்டரில் முடிந்துவிடுகிறது. தொலைக்காட்சியும் அதனருகில் கேம் கன்சோலும் முற்றத்தைத் தாண்டி, கூடத்துக்கும் அப்பாலுள்ள அறையில் இருக்கின்றன. இடையில் நிற்பவை செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்கள். கைப்பேசியில் படம் தடையின்றி ஓடுகிறது, கன்சோலில் மட்டும் விளையாட்டு பாதியில் அறுந்துபோகிறது என்று உறவினர் யாராவது அழைத்தால், அது முத்தியால்பேட்டை வீடானாலும் லாஸ்பேட்டை அடுக்ககமானாலும், நான் முதலில் கேட்பது இதுவரை எதையெல்லாம் மாற்றினீர்கள் என்பதைத்தான். மூலக்கோளாறு ஒன்றாக இருக்க, அதைச் சரிசெய்யப் போய் உண்டாக்கிய கோளாறுகள் மூன்று நான்காக இருப்பதையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவற்றில் தலையாயது, ரவுட்டரின் பின்புறமுள்ள சிறு துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துவது. ரவுட்டரை அணைத்துப் போடுவதும் அதை ரீசெட் செய்வதும் ஒன்றல்ல. அணைத்துப் போட்டால் ரவுட்டர் புதிதாக எழுந்து பழைய அமைப்புகளுடனேயே இயங்கும். ரீசெட் செய்தாலோ அதற்குள் பதிந்திருந்த எல்லாமே அழிந்துவிடும். நம் ஊரின் ஃபைபர் இணைப்புகள் பலவும் பிபிபிஓஇ என்னும் முறையில், ஒரு பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் உள்ளிட்டால்தான் வேலை செய்கின்றன. இணைப்புக் கொடுத்த அன்று அவற்றை உள்ளிட்டவர் கேபிள்காரர். வீட்டில் எவரும் குறித்துவைத்திருப்பதில்லை. இந்தத் தவறை நானும் ஒருமுறை செய்தேன். கன்சோலுக்கு மட்டும் கிடைக்காதிருந்த இணையம், அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை முதல் மறுநாள் நண்பகல் வரை வீட்டில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஆகவே ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுத்து, விளக்குகள் நிலையாக எரிந்த பிறகே கன்சோலை இயக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மின்தடை நீங்கி இரண்டும் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது, ரவுட்டர் தயாராவதற்கு முன்பே கன்சோல் இணைப்பைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று கைவிரிப்பதுண்டு. அதைக் கோளாறு என்று எண்ணுவது வீண். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வீடுவரை வரவில்லை என்று பொருள். மழைக்காலத்தில் கிளை முறிந்து வயர் அறுந்த நாட்களில் கன்சோலை எவ்வளவு குடைந்தாலும் பயனில்லை.

அடுத்த தவறு, கன்சோல் தானே சொல்லும் விடையைப் படிக்காமல் விடுவது. பிளேஸ்டேஷன் 4-இன் அமைப்புகளில், நெட்வொர்க் பகுதியில், இணைய இணைப்பைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அதன் முடிவு வரிவரியாக வரும்: முதலில் ரவுட்டர் கன்சோலுக்குத் தரும் அடையாள எண்ணான ஐபி முகவரி கிடைத்ததா, பிறகு இணையம் கிடைத்ததா, பிறகு பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடிந்ததா என்று. முதல் வரியிலேயே நின்றால் பழுது கன்சோலுக்கும் ரவுட்டருக்கும் இடையில். இரண்டாம் வரியில் நின்றால் பெரும்பாலும் ரவுட்டருக்கும் தெருவுக்கும் இடையில். முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் தோற்றால், அந்த நிறுவனத்தின் சர்வரே படுத்திருக்க வாய்ப்புண்டு. அந்த மூன்றாம் நிலையில் வீட்டில் திருத்த வேண்டியது எதுவும் இல்லாமலிருக்கலாம். எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றிலும் இத்தகைய சோதனை உண்டு. இதைப் பார்க்காமல், ஏதோ ஒரு வீடியோவில் கண்டபடி ஐபி முகவரியைக் கையால் உள்ளிடுபவர்கள் இருக்கிறார்கள். வீட்டு ரவுட்டர் 192.168.0.1 என்றிருக்க, கன்சோலுக்கு 192.168.1-இல் தொடங்கும் முகவரியைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அறியாது. தானியங்கி அமைப்பே போதுமானது.

அலைவரிசை பற்றிய குழப்பம் இன்னும் பரவலானது. 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 2016-இல் வந்த ஸ்லிம், புரோ வகைகளுக்குத்தான் 5 கிகாஹெர்ட்ஸும் தெரியும். புது ரவுட்டர் வாங்கியதும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பழைய கன்சோலின் பட்டியலில் வரவில்லை என்பதால், வைஃபை சில்லு போய்விட்டது என்று பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிச் சென்றவர்களும் உண்டு. அதேபோல, ரவுட்டரின் பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைத்துவிட்டால் பழைய கன்சோல்கள் சரியான கடவுச்சொல்லையும் ஏற்காது. டபிள்யூபிஏ2-ஐயும் அனுமதிக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரு அலைவரிசையும் தெரிந்த கன்சோலாக இருந்தாலும் 5 கிகாஹெர்ட்ஸ்தான் உயர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு அதில் இணைப்பது சரியல்ல. ஒரே அறைக்குள் அது வேகமானது. நான் முதலில் சொன்ன சுண்ணாம்புச் சுவர்களின் முன் 2.4 கிகாஹெர்ட்ஸைவிட விரைவில் சோர்ந்துவிடும்.

2.4 கிகாஹெர்ட்ஸின் தொல்லை வேறு வகையானது. அடுக்ககத்தில் பத்து வீட்டு ரவுட்டர்களும் அதே இடத்தில் நெருக்கியடிக்கின்றன. கைப்பேசிச் செயலியில் பார்த்துவிட்டு, அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில் 1-லும் 6-லும் கூட்டம், 3 காலியாக இருக்கிறது என்று சேனல் 3-ஐத் தேர்ந்தெடுப்பவர் புத்திசாலித்தனமாகத்தான் நினைக்கிறார். ஆனால் ஒரு சேனலின் அகலம் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்த எண்களுக்கிடையே உள்ள இடைவெளியோ 5 மெகாஹெர்ட்ஸ்தான். எனவே 3-இல் இருப்பவர் இரு பக்கத்துக் கூட்டத்தின் இரைச்சலையும் சேர்த்துக் கேட்கிறார். 1, 6, 11 ஆகிய மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றே சரியான தேர்வு. சேமிப்புக்காக இணைத்த யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012-லேயே ஓர் அறிக்கையில் விளக்கியது. டிஸ்க்கைக் கன்சோலின் மேலேயே வைக்காமல் ஓரடி தள்ளிவைத்துப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

சிக்னல் வரவில்லை என்றதும் ரிப்பீட்டர் வாங்கி, சிக்னலே எட்டாத அந்த அறையில் மாட்டுவதும் நடக்கிறது. தனக்கே கேட்காத குரலை அது எப்படி உரக்கத் திரும்பச் சொல்லும்? முற்றத்துத் தாழ்வாரம் போல, ரவுட்டரிலிருந்து பாதித் தொலைவில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும். ஆனாலும் ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுக்கும் ரிப்பீட்டர் வேகத்தில் ஏறத்தாழப் பாதியை விழுங்கிவிடும். என்னைக் கேட்டால், தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டி ஒரு கேட்5ஈ லேன் கேபிளை இழுத்துவிடுவதே மேல். நூறு மீட்டர் வரை அது தாங்கும். நம் வீடுகள் அவ்வளவு நீளமில்லை. கடற்கரையை ஒட்டிய குருசுக்குப்பம், கடலூர்த் தேவனாம்பட்டினம் போன்ற இடங்களில் மட்டும் உப்புக்காற்று இணைப்பான்களின் முனைகளை அரிக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்திருங்கள். கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று பழுதானாலும் இணைப்பு கிகாபிட்டிலிருந்து 100 எம்பிபிஎஸுக்கு இறங்கிவிடக்கூடும்.

இணைப்பு இருந்தும் நண்பர்களோடு பேச முடியவில்லை, குழுவில் சேர முடியவில்லை என்றால் நாட் வகையைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் முகவரிகளை வெளியுலகுக்கான ஒரே முகவரியாக மாற்றித்தரும் முறைதான் நாட். பிளேஸ்டேஷனில் 3 என்று வந்தால் இந்தச் சிக்கல்தான். உடனே ரவுட்டரில் போர்ட்டுகளை, அதாவது வெளியிலிருந்து தரவு நுழையும் வாசல்களை, திறக்க உட்கார்வதற்கு முன், ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால், ஒரே பொதுமுகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் அமைப்புக்குப் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள். வீட்டில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளிக்கதவு வேறொருவரிடம் பூட்டியிருக்கிறது. தனிப் பொதுமுகவரி தருவீர்களா என்று இணைப்பு நிறுவனத்திடம் கேட்பதே வழி. முகவரி அப்படி இல்லையென்றால் ரவுட்டரில், தேவையான போர்ட்டைக் கன்சோலே கேட்டுத் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதியை இயக்குவதே பெரும்பாலும் போதும்.

டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், குறையும் என்பதும் தவறான நம்பிக்கை. டிஎன்எஸ் என்பது பெயரைக் கேட்டு முகவரியைச் சொல்லும் வேலைதான். விளையாட்டு தொடங்கிய பின் அதற்குப் பங்கில்லை. சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் நமக்கும் அதற்கும் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்வர 29 மில்லிவிநாடி ஆகியே தீரும். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் புகார் செய்ய நேர்ந்தால், கேம் ஓடவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வருபவர் ரேழியில் ரவுட்டருக்குக் கீழே நின்றபடி தம் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்து, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று கிளம்பிவிடுவார். கன்சோலை லேன் கேபிளில் இணைத்தபோது வந்த சோதனை முடிவையும் வைஃபையில் வந்த முடிவையும், நேரத்தோடு படமெடுத்து, அவரிடம் காட்டுங்கள்.