கோபால்ட் அஸே ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

பாறை மாதிரியில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று லேப் அளந்து தரும் அஸே ரிப்போர்ட் வந்ததும் கோபால்ட் எண்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, மேலே நிற்பதைப் பார்த்துக் குதிப்பதுதான் நிறையப் பேரின் பழக்கம். தனியாக நிற்கும் கோபால்ட் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. பக்கத்தில் இருக்கும் நிக்கல், ஆர்செனிக், கந்தகம், மாங்கனீஸ் எல்லாம் சேர்ந்துதான் கதை சொல்லும்.

முதலில் அலகைப் பாருங்கள். 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்றால் 1%. 850 பிபிஎம் கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் 0.085% தான். ">10000" என்று போட்டிருந்தால் அது அளவு இல்லை, அந்த முறையின் மேல் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்த மாதிரியை உயர் செறிவுக்கான முறையில் மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அது எந்தப் பாறை? கிரானைட்டில் இயல்பாகச் சில பிபிஎம் தான் இருக்கும், கரும்பாறைகளான பசால்ட்டிலும் டோலரைட்டிலும் 40-50, ஆலிவின் என்ற கனிமம் நிறைந்த பெரிடோடைட் பாறையில் 100-க்கு மேல். அதனால் 120 பிபிஎம் கிரானைட்டில் வந்தால் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டிய இடம். பெரிடோடைட்டில் வந்து, நிக்கல் 2,000 பிபிஎம் பக்கம் இருந்து, கந்தகம் இல்லையென்றால் ஆலிவினுக்குள் இருக்கும் சாதாரண கோபால்ட், விட்டுவிடலாம்.

எப்படிக் கரைத்தார்கள் என்பதும் முக்கியம். இராஜதிராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கந்தகக் கனிமங்களான சல்பைடுகளையும் ஆர்செனிக் கனிமங்களான ஆர்செனைடுகளையும் நன்றாகக் கரைக்கும், சிலிகேட்டை அரைகுறையாகத்தான் கரைக்கும். நான்கு அமிலக் கலவை கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கரைத்துவிடும். ஒரு ரிப்போர்ட்டின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடும் முன் இதைச் சரிபாருங்கள். காங்கோ சுரங்கங்களில் மொத்த கோபால்ட்டோடு அமிலத்தில் கரையும் கோபால்ட்டையும் தனியாகக் கேட்பார்கள், ஏனென்றால் ஆக்சைடு தாதுவுக்கும் கேரோலைட் போன்ற சல்பைடுக்கும் பிரித்தெடுக்கும் வழி வேறு.

கனடாவின் ஒன்டாரியோவில் கோபால்ட் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1903-இல் ரயில் பாதை போடும்போது அங்கே வெள்ளி கிடைத்தது. அந்த வெள்ளி இருக்கும் கால்சைட் நரம்புகளிலேயே (பாறை வெடிப்பை நிரப்பிய கனிமப் பட்டைகள்) கோபால்ட்டும் ஆர்செனைடாக உட்கார்ந்திருக்கிறது. நரம்பு பல இடங்களில் சில சென்டிமீட்டர் அகலம்தான். அந்த மாதிரி இடத்தில் கோபால்ட் ஆர்செனைடு சிதைந்து உண்டாகும் எரித்ரைட்டின் ரோஸ் நிறப் பூச்சு கண்ணில் பட்ட கல்லைத்தான் கை எடுக்கும், ரிப்போர்ட்டில் 3% வந்து நிற்கும். 5 செ.மீ. நரம்பில் 3%, சுற்றுப்பாறையில் ஒன்றுமில்லை என்று வையுங்கள்: 1 மீட்டர் அகலத்துக்கு வெட்டினால் சராசரி சுமார் 0.15%. பொறுக்கிய கல்லின் எண், கோபால்ட் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு என்று தெரிய, நரம்புக்குக் குறுக்கே அகலம் அளந்து வெட்டிய மாதிரி வேண்டும்.

இந்த வகைப் பாறையில் ஆர்செனிக்கைக் கோபால்ட்டால் வகுத்துப் பாருங்கள், எனக்குப் பிடித்த கணக்கு இது. எடைக் கணக்கில் 1.27 பக்கம் வந்தால் கோபால்டைட் என்ற கனிமமாக இருக்கலாம், 3.8 பக்கம் வந்தால் ஸ்கட்டரூடைட் என்ற கனிமமாக இருக்கலாம். நிக்கலும் ஆர்செனிக்கைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் நிக்கல் அதிகமுள்ள மாதிரியில் இதை அப்படியே நம்பக் கூடாது. ஆர்செனிக் எகிறியிருந்தால் வாங்கும் ஆலை முகம் சுளிக்கும், அதையும் இப்போதே குறித்து வையுங்கள்.

ஏமாற்றும் எண்களும் உண்டு. மாங்கனீஸ் ஆக்சைடு சுற்றியுள்ள கோபால்ட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆகவே மண்ணிலோ சிதைந்த பாறையிலோ இரண்டும் சேர்ந்து ஏறினால் அடியில் தாது இருக்கிறது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம் (மழையும் வெயிலும் பாறையைச் சிதைத்து உண்டாக்கிய செம்மண் வகையான லேட்டரைட்டில் அதுவே தாதுவாகவும் இருக்கும், அது வேறு விஷயம்). மாதிரியை டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் அரைத்தால் அதன் பிணைப்பு உலோகமே கோபால்ட், தூளோடு கலந்துவிடும். டங்ஸ்டனும் கோபால்ட்டும் ஜோடியாக ஏறியிருந்தால் எதில் அரைத்தீர்கள் என்று லேபைக் கேளுங்கள். எக்ஸ்ரே அடித்துத் தனிமங்களைக் காட்டும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியில் இரும்பின் ஒரு எக்ஸ்ரே கோடு கோபால்ட் கோட்டின் மேலேயே விழுவதால், இரும்பு நிறைந்த கல்லில் அது காட்டும் கோபால்ட்டை நான் நம்புவதே இல்லை.

கடைசியாக, லேபைச் சோதிக்க நீங்கள் நடுவில் செருகி அனுப்பிய வெற்று மாதிரியையும் (கோபால்ட் இல்லாதது) சான்றளித்த மாதிரியையும் (அளவு முன்பே தெரிந்தது) தேடுங்கள். பெரிய எண் வந்த மாதிரிக்கு அடுத்து நிற்கும் வெற்று மாதிரியில் கோபால்ட் தெரிந்தால் கிண்ணம் சரியாகச் சுத்தமாகவில்லை. சான்றளித்த மாதிரியின் எண், அதன் சான்றிதழ் மதிப்பிலிருந்து மூன்று திட்டவிலக்கத்துக்கு (எண்கள் இயல்பாகச் சிதறும் அளவு) வெளியே போயிருந்தால் அந்தத் தொகுதியை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள், அதுவரை வரைபடத்தில் ஒரு புள்ளியும் வைக்க வேண்டாம்.