வெள்ளை அடிப்பதற்கு முன்னால் போய்விடுங்கள்

சுவரோவியங்களை வைத்துப் பரிசோதனை ஆவணப்படம் எடுக்கும் தம்பி தங்கைகளோடு குளச்சலில் இரண்டு நாள் இருந்தேன். நான் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்தார்கள். பேட்டரி, மெமரி கார்டு சமாசாரமெல்லாம் ஒருமுறை பட்டால் தானே வந்துவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

வெறும் சுவரை எடுக்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. முட்டத்தில் ஒரு சுவர். பழைய சோப்பு விளம்பரத்தின் நீலம், அதன்மேல் பாதி அழிந்த தேர்தல் சின்னம், உப்புக்காற்றில் உரிந்து தொங்கும் சுண்ணாம்பு. ஓவியர் அண்ணன் ஏழு மணிக்கு வரச் சொன்னார். வரையும்போது எடுத்தால் போதும் என்று எட்டரைக்குப் போனேன். பிரைமர் அடித்துச் சுவர் பளிச்சென்று நின்றது.

"அண்ணே, அந்தப் பழைய எழுத்து?"

"ஒயிட் அடிச்சாச்சே தம்பி. நேத்தே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேம்லா."

மூன்று நாள் எடுத்தேன். நூல் பிடித்துக் கட்டம் போட்டார். மீன் விற்கும் ஒரு பாட்டியின் முகம் கட்டம் கட்டமாக எழுந்தது. எடிட்டில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அந்த முகம் எதன்மேல் வந்தது என்பது படத்தில் இல்லை. என் படத்தில் குரல் விளக்கமும் கிடையாது. பேட்டியை மறுபடி எடுக்கலாம், அந்தச் சுவரை எங்கே போய் எடுப்பது? ஊர்க்காரர் ஒருவரின் போனிலிருந்து மங்கலான போட்டோ ஒன்றை வாங்கி நான்கு விநாடி வைத்தேன்.

முந்தின நாளே போங்கள். ட்ரைபாடின் மூன்று கால்களுக்கும் தரையில் பெயிண்டால் பொட்டு வையுங்கள். லென்ஸையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு காலை, மதியம், மாலை ஐந்தைந்து நிமிடம் அசையாமல் எடுங்கள். அப்புறம் உரிந்த இடங்களைக் கிட்டப் போய் எடுங்கள்.

டைம்லேப்ஸை ஆட்டோவில் விடுவது

டைம்லேப்ஸ் என்றால் இடைவெளி விட்டுவிட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக் காட்டுவது. கேமராவை ஆட்டோவில் விட்டால் மேகம் போகும்போதெல்லாம் வெளிச்சம் துடிக்கும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) இரண்டும் மேனுவலில் இருக்கட்டும். 10 விநாடிக்கு ஒரு படம் என்றால் 8 மணி நேரத்துக்கு 2,880 படங்கள். விநாடிக்கு 25 பிரேம் வைத்தால் இரண்டு நிமிடம்கூட வராது.

காற்று

ரோம உறை இல்லாத மைக்கோடு கடற்கரைக்கு வராதீர்கள்.

சுவர்க்காரரை மறப்பது

சுவரின் சொந்தக்காரரிடம் அனுமதியை எழுதி வாங்குங்கள். திறந்தவெளிகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959 முதல் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

ஓவியம் முடிந்ததும் கிளம்பிவிடுவது

குமரிக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இரண்டுக்கும் பிறகு அந்தப் பொட்டுகளிலேயே ட்ரைபாடை நிறுத்துங்கள். முட்டத்துப் பாட்டியின் இடது கன்னம் இரண்டாவது மழையில் உரிந்து, உள்ளேயிருந்து சோப்பு நீலம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அன்றைக்கு விடியும் முன்னே போயிருந்தேன்.