பிரிட்டிஷ் காவல்துறைத் தொடர்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

பிரிட்டிஷ் காவல்துறைத் தொடர் ஒன்றைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர், கொலையாளி யார் என்ற கேள்வியைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னார்தாம் கொலையாளி என்பதைச் சட்டத்தின் வரம்புக்குள் நின்று எவ்வாறு நிறுவப்போகிறார்கள் என்ற கேள்வியோடு அமர வேண்டும். இத்தொடர்களின் ஈர்ப்பு பெரும்பாலும் அந்த இரண்டாம் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பார்ப்பதற்கு 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரைம் சஸ்பெக்ட்’ தொடரின் முதல் கதையைப் பரிந்துரைக்கிறேன். ஹெலன் மிரன் நடித்த ஜேன் டென்னிசன் என்னும் தலைமை இன்ஸ்பெக்டர், தம்மை ஏற்க மனமில்லாத ஆண் அதிகாரிகள் நிறைந்த ஒரு குழுவின் பொறுப்பை ஏற்கிறார். சந்தேகத்துக்குரியவர் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது; ஆயினும் போதிய சாட்சியம் இல்லாததால் அவரை வெளியே விட வேண்டியிருக்கிறது. அதன்பின் நடப்பதெல்லாம் சாட்சியம் சேர்க்கும் வேலைதான்: பழைய வழக்குகளைப் புரட்டுவது, ஒருமுறை விசாரித்தவரையே மறுபடியும் தேடிப்போய் விசாரிப்பது, சொன்ன நேரமும் சொன்ன இடமும் பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பது. அலுப்பூட்டக்கூடிய இந்த வேலையிலேயே பதற்றத்தை உண்டாக்கியதுதான் அத்தொடரின் சாதனை.

அடுத்து, இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் சட்ட நடைமுறையில் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் பல காட்சிகள் புதிதாகத் திறந்துகொள்ளும். 1984ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட காவல்துறை, குற்றச் சாட்சியச் சட்டத்தின்படி, குற்றச்சாட்டுப் பதியாமல் ஒருவரைப் பொதுவாக 24 மணி நேரமே காவலில் வைத்திருக்கலாம். கடுமையான குற்றமாயின் உயரதிகாரியின் அனுமதியோடு 36 மணி நேரமும், நீதிமன்றத்தின் அனுமதியோடு அதிகபட்சம் 96 மணி நேரமும் வைத்திருக்கலாம். பயங்கரவாத வழக்குகளுக்கு விதிகள் வேறு. தொடர்களில் அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்துப் பதறுவதற்குக் காரணம் இந்தக் கெடுதான்.

கைதின்போது சொல்லப்படும் எச்சரிக்கையையும் கவனித்துக் கேளுங்கள். பேசாமல் இருக்க உரிமை உண்டு. ஆனால் விசாரணையில் கேட்டபோது சொல்லாத ஒன்றைப் பின்னர் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டினால், அது தற்காப்புக்குப் பாதகமாகலாம் என்பது அதன் சாரம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மாற்றம் இது. வழக்கறிஞரை அருகில் வைத்துக்கொண்டு சந்தேக நபர் ஒவ்வொரு கேள்விக்கும் ‘நோ காமென்ட்’ என்று சொல்லும்போது, அந்த மௌனத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்பது இப்போது புரியும்.

இந்திய வாசகர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். நம் சட்டத்தில், காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க இயலாது. இங்கிலாந்தில் அது ஏற்கப்படும். ஆனால் கொடுமைப்படுத்திப் பெற்றதோ என்ற கேள்வி எழுந்தால், அப்படி இல்லை என்று அரசுத் தரப்பு நிறுவியாக வேண்டும். ஆகவேதான் அங்கே ஒலிப்பதிவுக் கருவியோடு கூடிய சிறிய விசாரணை அறையே கதையின் உச்சமாகிறது. ‘பிராட்சர்ச்’ தொடரின் இரண்டாம் சீசனில், முதல் சீசன் முழுவதும் பாடுபட்டுப் பெற்ற வாக்குமூலம், காவலில் நிகழ்ந்த ஒரே ஒரு தவறால் நீதிமன்றத்தில் செல்லாமற்போகும் இடத்தைப் பாருங்கள். எத்தனை துரத்தல் காட்சிகளும் அந்த அதிர்ச்சியைத் தந்துவிடாது.

விசாரணைக் காட்சிகளுக்காகவே பார்க்க வேண்டியது 2012ஆம் ஆண்டில் தொடங்கிய ‘லைன் ஆஃப் டியூட்டி’. காவல்துறைக்குள் நடக்கும் ஊழலை விசாரிக்கும் பிரிவைப் பற்றிய இத்தொடரில், மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் ஒரே காட்சி இருபது நிமிடங்களைத் தாண்டியும் நீள்வதுண்டு. பதவிப் பெயர்களும் பிரிவுப் பெயர்களும் முதலெழுத்துச் சுருக்கங்களாகவே சரமாரியாக வரும் என்பதால் வசன வரிகளை இயக்கிக்கொள்வது நல்லது. கைபேசியைப் பார்த்துக்கொண்டே பின்தொடரக்கூடிய தொடரும் அல்ல.

ஊர்களையும் கவனியுங்கள். 1987இல் தொடங்கிய ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ ஆக்ஸ்ஃபோர்டின் கல்லூரிகளை விட்டுப் பிரிக்க முடியாதது. அதற்கு நேர்மாறாக, மேற்கு யார்க்‌ஷயரின் கால்டர் பள்ளத்தாக்கில் நிகழும் ‘ஹாப்பி வேலி’, துப்பறிவாளரை விட்டுவிட்டுச் சீருடை அணிந்த ஒரு சார்ஜென்டை நடுவில் நிறுத்துகிறது. சாரா லங்காஷயர் நடித்த அந்தக் கேத்தரின் கேவுட், தெருவில் எதிர்ப்படும் பலரையும் பெயரோடு அறிந்தவர். பெரும்பாலான பிரிட்டிஷ் காவலர்களைப் போலவே துப்பாக்கி ஏந்தாதவர் என்பதால், எந்தச் சிக்கலையும் முதலில் பேச்சால்தான் கையாள்கிறார்.

‘ஹாப்பி வேலி’யை மட்டும் வரிசை மாற்றிப் பார்க்காதீர்கள். சீசனுக்கு ஆறு பகுதிகள்தாம். முதல் இரண்டும் 2014, 2016ஆம் ஆண்டுகளில் வந்தன, மூன்றாவது 2023இல்தான் வந்தது. கேத்தரினின் பேரனாக நடித்த அதே சிறுவன் இடையில் வளர்ந்து பதின்வயதை எட்டியிருக்கிறான். சிறையிலிருக்கும் தந்தையைத் தானே அறிய விரும்பும் அவனுடைய முடிவின்மேல்தான் மூன்றாம் சீசன் நிற்கிறது.