குறுந்துடிப்பால் ரேடார் சிதறலை அளக்கும் முறை

ஒரு பொருள் ரேடார் அலையை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று அளக்க எதிரொலியற்ற அறை (சுவர்கள் அலையை உறிஞ்சிவிடும் சிறப்பு அறை) கட்டாயம் வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அனுப்பும் துடிப்பின் (நொடிப்பொழுதே நீடிக்கும் அலையின்) அகலம் 100 பிக்கோ வினாடியாகக் குறுகிவிட்டால், ஒன்றன்பின் ஒன்றாக 1.5 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு பரப்புகளின் எதிரொலிகள்கூடத் தனித்தனியே தெரியும் என்பதால், சாதாரண ஆய்வுக்கூடத்திலேயே இந்த வேலையைச் செய்யலாம்.

அனுப்பவும் பெறவும் இரண்டு அகலப்பட்டை (பரந்த அதிர்வெண் வரம்பில் இயங்கும்) ஹார்ன் ஆன்டெனாக்களை 1.5 மீட்டர் உயரத்தில் அருகருகே நிறுத்தி, அவற்றிலிருந்து 3 மீட்டர் தொலைவில், அதே உயரத்தில் பொருளை வையுங்கள். தாங்கிக்குத் தெர்மோகோல் போதும். அதில் ஆணியோ கம்பியோ இருக்கக் கூடாது. பொருளின் எதிரொலி 20 நானோ வினாடியில் வரும். தரையில் ஒருமுறை பட்டுத் திரும்பும் அலை அதற்கு ஏறத்தாழ 4.1 நானோ வினாடி பிந்தி வரும் என்பதால், உங்களுக்கு வேண்டிய தகவல் முழுவதும் அந்த இடைவெளிக்குள் முடிந்துவிட வேண்டும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பொருளுக்கு இந்தத் தொலைவு 5 கிகாஹெர்ட்ஸ் வரைதான் தொலைபுல நிபந்தனையை (பொருளை அடையும் அலை ஏறத்தாழத் தட்டையாக இருக்கும் அளவுக்குத் தொலைவு வேண்டும் என்பதை) நிறைவு செய்கிறது.

வெற்றிடம் (கோளமோ பொருளோ வைக்காத நிலை), அளவுத்திருத்தக் கோளம் (சிதறல் முன்பே தெரிந்த, ஒப்பிடுவதற்கான உலோகக் கோளம்), பொருள் என மூன்று அளவீடுகள் தேவை. பின்னிரண்டிலிருந்தும் வெற்றிட அளவீட்டைக் கழிக்க வேண்டும். முறையின் உயிர் இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது. இரு அளவீடுகளுக்கு இடையே அலைவடிவத்தைப் பதிவுசெய்யும் கருவியான ஆஸிலோஸ்கோப்பின் நேரம் 1 பிக்கோ வினாடி நகர்ந்தாலே, 5 கிகாஹெர்ட்ஸில் பின்னணி வீச்சில் சுமார் 3 விழுக்காடு கழியாமல் எஞ்சிவிடும். ஆகவே கருவிகள் நன்கு சூடேறி நிலைபெற்ற பிறகே தொடங்குங்கள், கேபிள்களைத் தொடாதீர்கள். 256 முறை சராசரி எடுத்தால் இரைச்சல் 16 மடங்கு குறையும் என்பது உண்மையே என்றாலும், அதற்குள் நேரம் நகர்ந்துவிடும் என்றால் குறைந்த சராசரியுடன் விரைந்து முடிப்பதே மேல்.

30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலோகக் கோளத்தின் அலைவடிவத்தைக் கவனித்துப் பாருங்கள். முன்பரப்பின் கூர்மையான எதிரொலிக்கு 2.57 நானோ வினாடி கழித்து, கோளத்தின் பின்புறத்தைத் தழுவிச் சுற்றிவந்த அலை, சிறிய, சற்றே அகன்ற மேடாகத் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் கழித்தல் சரியாக அமையவில்லை என்றே கொள்ளலாம்.

அடுத்து, வேண்டிய பகுதியை மட்டும் ஓரங்கள் மென்மையாகச் சரியும் நேரச் சாளரத்தால் பிரித்து, ஃபூரியே மாற்றம் செய்து நிறமாலையை (ஒவ்வொரு அதிர்வெண்ணின் பங்கை) பெறுங்கள். பொருளின் நிறமாலையைக் கோளத்தின் நிறமாலையால் வகுத்து, ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்டாவ் மீ 1908இல் வெளியிட்ட தீர்விலிருந்து கணக்கிட்ட கோளச் சிதறல் வீச்சால் பெருக்கினால், பொருளின் சிதறல் வீச்சு கிடைக்கும். அதன் அளவின் வர்க்கத்திலிருந்து ரேடார் குறுக்குவெட்டுப் பரப்பை (ரேடாருக்குப் பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதன் அளவை) பெறலாம். துடிப்பின் ஆற்றல் மிகக் குறைவாக உள்ள அதிர்வெண்களில் இந்த வகுத்தல் இரைச்சலையே பெருக்கும் என்பதால், அவற்றை விட்டுவிடுங்கள். கோளமும் பொருளும் ஒரே இடத்தில் இருப்பதும் முக்கியம். தொலைவில் 3 சென்டிமீட்டர் மாறினால் பரப்பில் சுமார் 4 விழுக்காடு பிழை வரும்.

முடிவை நம்புவதற்கு முன், 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள இன்னொரு கோளத்தைப் பொருளாக வைத்து அளந்து, கணக்கீட்டுடன் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் முதலில் வெற்றிட அளவீட்டை மீண்டும் எடுங்கள்.