ஓவனில் லெக் பீஸும் காய்கறியும்: தண்ணீர் விடாமல் சுடும் முறை

ஒரே ட்ரேயில் கோழியையும் காய்கறியையும் சேர்த்துச் சுட்டால் தோல் மொறுமொறுவென்று வரவேண்டும், உருளைக்கிழங்கின் ஓரம் சிவக்கவேண்டும். பல வீடுகளில் வருவதோ தொளதொளத்த தோலும் அவித்த கிழங்கும்தான். மசாலாவை மாற்றிப் பார்த்துப் பயனில்லை, குற்றம் தண்ணீரில் இருக்கிறது.

தேவையானவை: தோலோடு 8 லெக் பீஸ் (சுமார் 1 கிலோ), உருளைக்கிழங்கு 500 கிராம், கேரட் 250 கிராம், பெரிய வெங்காயம் 2, குடைமிளகாய் 1, தோல் உரிக்காத பூண்டு 8 பல், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு இரண்டரை தேக்கரண்டி, மிளகுத்தூள், மிளகாய்த்தூள் தலா 1 தேக்கரண்டி.

1. ஃப்ரீசரில் இருந்த கோழி என்றால் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நடுவில் ஐஸ் இருந்தால் வெளியே கருகும், எலும்போரம் வேகாது.

2. ஒவ்வொரு துண்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். இந்தப் படியில் அவசரம் கூடாது. தோலில் இருக்கும் ஈரம் ஆவியாகி முடியும்வரை தோல் சிவக்காது. அதற்குள் உள்ளே கறி வெந்துவிடும். ஒன்றரை தேக்கரண்டி உப்பைத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம் வைத்தால் தோல் காகிதம்போல் காய்ந்துவிடும். நேரமில்லாதவர்கள் உப்போடு 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து தடவலாம். பேக்கிங் சோடா வேண்டாம், சோப்பு வாடை அடிக்கும். தயிர் மசாலாவில் ஊறவைத்தால் சுவை வரும், ஆனால் இந்த மொறுமொறுப்பு வராது.

3. ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 200 போதும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும்.

4. கிழங்கை 3 செ.மீ. துண்டுகளாகவும், கேரட்டை அதைவிடச் சிறிதாகவும் நறுக்குங்கள். கேரட் மெதுவாகத்தான் வேகும். வெங்காயத்தை நான்காகப் பிளந்தால் போதும். 2 கரண்டி எண்ணெயையும் மீதி உப்பையும் ட்ரேயில் பரப்பும் நேரத்தில் மட்டும் புரட்டுங்கள். முன்கூட்டியே உப்பிட்டால் காய் தண்ணீர் விடும்.

5. கோழிக்கு 1 கரண்டி எண்ணெயும் தூள்களும் தடவி, காய்களுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அது சுடுவது ஆகாது, ஆவியில் அவிப்பது. இடம் போதாவிட்டால் இரண்டு ட்ரே எடுங்கள், பாதி நேரத்தில் மேலும் கீழுமாக மாற்றுங்கள். பூண்டு விழுது பூசாதீர்கள்: இந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். முழுப் பல்லை அப்படியே போட்டால் உள்ளே வெண்ணெய்போல் வெந்திருக்கும்.

ட்ரே விஷயத்தில் என் ஓட்டு விளிம்பு தாழ்ந்த அலுமினியத்துக்குத்தான். ஆழமான கண்ணாடிப் பாத்திரம் ஆவியைச் சுற்றியே நிறுத்திவைக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராகச் சூட்டுக்குப் போனால் வெடிக்கவும் கூடும்.

6. 25 நிமிடம் கழித்துக் காய்களைப் புரட்டி, குடைமிளகாயைச் சேருங்கள் (முதலிலேயே போட்டால் குழைந்துவிடும்). ட்ரேயில் தண்ணீர் தேங்கியிருந்தால் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். இன்னும் 15 முதல் 20 நிமிடம்.

வெந்ததா என்று பார்க்க, தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் கனத்த இடத்தில் குத்துங்கள். 74 டிகிரி வந்தால் பாதுகாப்பு. ஆனால் கால் கறிக்கு 80 முதல் 85 தான் ருசி. அந்தச் சூட்டில்தான் ஜவ்வு கரைந்து கறி எலும்பைவிட்டு வரும்.

எலும்போரம் சிவப்பாகத் தெரிந்தால் வேகவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இளம் கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசியும், உறைந்த கோழியில் இது கூடுதலாகத் தெரியும். தெர்மாமீட்டர் சொல்வதை நம்புங்கள்.

வெளியே எடுத்து 5 நிமிடம் விட்டுப் பரிமாறலாம், மூடி மட்டும் போடாதீர்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் ஓவனில் 180 டிகிரியில் 12 நிமிடம், உள்ளே ஆவி பறக்கச் சூடாகும்வரை. மைக்ரோவேவில் வைத்தால் தோல் ரப்பர்தான்.