அறிவியல், தத்துவம், சமயம்: எங்கே குழப்பிக்கொள்கிறோம்?

வேலூர்ப் பக்கம் பள்ளி மேடைகளில் அடிக்கடி காதில் விழும் வாதம் இது: "அணுவைத் துளைத்து ஏழ்கடலைப் புகட்டி என்று ஔவையார் பாடிவிட்டார், அணுப்பிளவு நமக்கு அன்றே தெரியும்." தவறு. அந்தப் பாட்டு குறளின் சுருக்கத்தைப் புகழ்கிறது. குறளைப் புகழும் பாடல்களின் தொகுப்பான திருவள்ளுவமாலையிலேயே இடைக்காடர் பாட்டில் அதே இடத்தில் 'கடுகைத் துளைத்து' என்று இருக்கிறது.

அணு விஷயத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது, பழைய இந்தியத் தத்துவப் பள்ளிகளில் ஒன்றான வைசேடிகரின் வாதம். பொருளை முடிவில்லாமல் பிளக்கலாம் என்றால் மேருவிலும் கடுகிலும் பகுதிகளுக்கு எல்லையே இராது. இரண்டும் ஒரே அளவாகிவிடும். ஆகவே பிளக்க முடியாத ஒன்று இருந்தாக வேண்டும். மேருவுக்குப் பதில் ஏலகிரியை வைத்துச் சொன்னால் வகுப்பே விவாதத்தில் இறங்கும். இது தர்க்கத்தால் எட்டிய முடிவு, சோதனையால் அல்ல. 1897இல் எலக்ட்ரான் கண்டறியப்பட்டதும் வேதியியலாரின் அணுவுக்கும் உட்பகுதி உண்டென்று தெரிந்தது. அதனால் வைசேடிகர் தோற்றார் என்பதும் அவசர முடிவே: பிளவுக்குக் கடைசி எல்லை உண்டா என்ற அவர்கள் கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது.

அடுத்தது கிரகணம். "பஞ்சாங்கம் நேரத்தைச் சரியாகச் சொல்கிறதே, பலனும் சரியாகத்தானே இருக்கும்?" நேரம் கணிதம். சந்திரன் பாதை சூரியன் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது; இரண்டும் வெட்டும் புள்ளிகளே ராகு, கேது. அவற்றருகே அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் கிரகணம். ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில் கணித்தாலும் இதே வடிவக்கணிதம்தான். பலனுக்குத் தனிச் சான்று வேண்டும். கணிதத்தின் மதிப்பை அதற்குக் கடன் கொடுக்கக்கூடாது.

"நிழல்தானே, விரதம் எதற்கு?" என்பது எதிர்ப்பக்கத் தவறு. விரதம் ஒருவர் ஏற்கும் நோன்பு, அதை நிழல் பொய்யாக்காது. ஆனால் "கிரகணத்தில் சோறு கெடும்" என்பது சோதிக்கக்கூடிய கூற்று. கிரகண நேரத்தில் ஒரே பானைச் சோற்றை இரு பாத்திரங்களில் வைத்து, ஒன்றில் மட்டும் தர்ப்பை போடுங்கள். கிரகணம் இல்லாத வேறொரு நாள், அதே வெக்கையில், அதே நேர அளவுக்கு மறுபடி செய்து ஒப்பிடுங்கள். வெக்கையை விட்டுவிட்டால் ஒப்பீடே வீண். சோற்றைக் கெடுப்பது அதுவும் நேரமும்தான்.

மருத்துவமனை ஊரான வேலூரில் கடைசித் தவறு கனமானது. மூளைச்சாவைச் சோதனையால் உறுதிசெய்ய 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர் குழு உண்டு; குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிப்பார்கள். மூச்சை இயக்கும் மூளைத்தண்டு செயலிழந்ததா என்பதற்கு அது விடை. அதையே மரணம் என்று ஏன் கொள்ளவேண்டும் என்பது தத்துவக் கேள்வி. உறுப்பை ஈவதா என்பது குடும்பத்தின் மனமும் நம்பிக்கையும் சார்ந்தது. "அறிவியல் கொடுக்கச் சொல்கிறது" என்று அவர்களை நெருக்கக்கூடாது. "இதயம் துடிக்கிறதே, சோதனை பொய்" என்று உறவினர் சொன்னால், வென்டிலேட்டர் மூச்சைத் தரும்வரை இதயம் சிறிது காலம் துடிக்கும் என்பதைப் பொறுமையாக விளக்கவேண்டும்.