எல்இடி பல்பு சீக்கிரம் போவதற்கு நாம் செய்யும் தவறுகள்

9 வாட் எல்இடி பல்பின் அட்டைப்பெட்டியில் 15,000 மணி நேரம் என்றோ 25,000 மணி நேரம் என்றோ அச்சிட்டிருப்பார்கள். தினமும் 6 மணி நேரம் எரித்தால் 15,000 மணி நேரம் என்பது கிட்டத்தட்ட 7 வருஷக் கணக்கு. ஆனால் எத்தனையோ வீடுகளில் ஒரு வருஷம் முடிவதற்குள் பல்பு போய்விடுகிறது. "இப்ப வர்ற பல்பு எதுவுமே சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு, அதே இடத்தில் இன்னொன்றை வாங்கி மாட்டுகிறோம். முதல் தவறு இதுதான்.

எந்த இடத்துப் பல்பு போகிறது என்று முதலில் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போனால் கோளாறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான்: ஹோல்டரிலோ, மேலே மாட்டிய மூடியிலோ, அதற்கு வரும் ஒயரிலோ. வீடு முழுக்க அங்கங்கே போனால், வீட்டுக்குள் வரும் கரண்டைச் சந்தேகப்பட வேண்டும். ஒரே சமயத்தில் வாங்கிய பல்புகள் மட்டும், எந்த அறையில் மாட்டினாலும் போகின்றன என்றால் பல்பின் தரத்தைக் குறை சொல்லலாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வேலை ஒன்றும் வேண்டாம். புதுப் பல்பை மாட்டுவதற்கு முன் அதன் கழுத்தில் மார்க்கர் பேனாவால் தேதியையும் எந்த அறை என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது சூடு. என் கணிப்பில், நம் ஊரில் எல்இடி பல்புகளைக் கொல்வதில் இதற்குத்தான் முதலிடம். பழைய குண்டு பல்பில் இழை சுமார் 2,500 டிகிரிக்குச் சூடானால்தான் வெளிச்சமே வரும். அதனால் எந்தக் கண்ணாடி மூடிக்குள் அடைத்தாலும் அது பொறுத்துக்கொண்டது. அந்தப் பழக்கத்திலேயே, போர்டிகோவிலும் பாத்ரூமிலும் காற்றே புகாத டோமுக்குள் எல்இடி பல்பை மாட்டிவிடுகிறோம். எல்இடி என்பது ஓர் எலக்ட்ரானிக் சாதனம். அதன் கழுத்துப் பகுதியில், வரும் கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் என்கிற சின்ன சர்க்யூட் போர்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் போர்டில் உருளை வடிவில் ஒரு கெப்பாசிட்டர். அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 20 டிகிரி கூடினால் கால்வாசி. பல்பு போவதற்குச் சில வாரம் முன்பிருந்தே மினுக்க ஆரம்பிப்பது பல நேரம் இதனால்தான்.

பல்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மேலே ஏறும் சூடு நேராக டிரைவர் இருக்கும் இடத்தில் போய்த் தேங்குகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, மே மாத வெயில், மூடிய டோம், அதற்குள் செத்துக் கிடக்கும் பூச்சிகள், "வெளிச்சம் பத்தவில்லை" என்று 9 வாட்டுக்குப் பதிலாக மாட்டிய 15 வாட். இப்படிப்பட்ட இடத்தில் எந்தக் கம்பெனி பல்பும் அதிக நாள் நிற்காது. டோமைக் கழற்றித் துடைத்து, பூச்சியைத் தட்டிவிட்டு, வாட்ஸைக் குறைத்துப் போடுங்கள். மழைச்சாரல் படாத இடம் என்றால் மூடியே வேண்டாம். வெளிச்சம் கட்டாயம் கூடுதலாக வேண்டுமென்றால், மேல்கூரையில் பதிக்கிற பேனல் லைட்டோ எல்இடி டியூப்லைட்டோ போடுங்கள். அவற்றில் சூடு பரவி வெளியேற இடம் அதிகம்.

ஹோல்டரை யாரும் கவனிப்பதில்லை. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பின் ஹோல்டர். அதற்குள் ஸ்பிரிங் வைத்த இரண்டு பித்தளை முனைகள், பல்பின் அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வருஷக்கணக்கில் சூடு பட்டு ஸ்பிரிங் தளர்ந்தால் காண்டாக்ட் லூஸாகி, கண்ணுக்குத் தெரியாத அளவில் பொறி பறக்கும். அந்த ஒவ்வொரு பொறியும் டிரைவரை அடிக்கிறது. கழற்றிய பல்பின் ஈயப் பொட்டு கறுத்தோ குழிவிழுந்தோ இருக்கிறதா, ஹோல்டரின் வாய் பழுப்பேறி லேசாகக் கருகல் வாடை வருகிறதா, கதவை ஓங்கிச் சாத்தினால் லைட் ஒரு துடிப்புத் துடிக்கிறதா? ஹோல்டரை மாற்றிவிடுங்கள். ஸ்குரு டிரைவரால் பின்னை நெம்பிச் சரிசெய்யும் வேலை வேண்டாம். தளர்ந்த ஸ்பிரிங் மறுபடியும் தளரும். எதைத் தொடுவதானாலும் மெயினை அணைத்த பிறகுதான்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மூன்று ஃபேஸும் (கரண்ட் வரும் ஒயர்) ஒரு நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) வருகின்றன. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட். இரண்டு ஃபேஸுகளுக்கு இடையில் 400 வோல்ட். த்ரீ ஃபேஸ் வீட்டில் மெயின் போர்டில் நியூட்ரல் லூஸானாலோ, தெருவில் கம்பத்தில் அறுந்தாலோ, லோடு குறைவாக இருக்கும் பக்கம் வோல்டேஜ் எகிறும். ஒரு அறையில் லைட் கண்ணைக் கூசுகிற மாதிரி எரியும், இன்னொரு அறையில் மங்கும். கிரைண்டரோ மோட்டாரோ போட்டதும் ஏதாவது ஒரு லைட் வழக்கத்தை விடப் பிரகாசமானாலும் இதே சந்தேகம்தான். அப்போது பல்பு போவது சின்ன நஷ்டம். அடுத்து ஃபிரிட்ஜ், டிவி, சில சமயம் ஒயரிங்கே தீப்பிடிக்கலாம். உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்திலும் அப்படித்தான் என்றால் தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிகிறதா? ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம். அப்படியானால், அணைத்துவிட்டோம் என்று நம்பி ஹோல்டரைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். இண்டிகேட்டர் வைத்த ஸ்விட்ச்சாலும் இப்படி எரியும், அது ஆபத்தில்லை. எது என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் இருக்கும் லைனில் சாதாரண எல்இடி வேண்டாம். டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். அப்புறம், அடிக்கடி போட்டு அணைத்தால் பல்பு போய்விடும் என்ற பயம். டியூப்லைட்டுக்கும் சிஎஃப்எல்லுக்கும் அது பொருந்தும், எல்இடிக்கு அவ்வளவாக இல்லை. அறையை விட்டுப் போகும்போது தாராளமாக அணையுங்கள்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்ப்பதும் தவறுதான். கடையில் "டிஓபியா, டிரைவரா?" என்று கேளுங்கள். டிஓபி (டிரைவர் ஆன் போர்டு) பல்பில் தனி டிரைவர் கிடையாது. எல்லாமே எல்இடி தகட்டின் மேலேயே இருக்கும். விலை குறைவு, ஆனால் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் இடி மின்னல் வந்தாலும் பெரும்பாலும் முதலில் போவது அதுதான். வோல்டேஜ் நிலையில்லாத ஊரில் 100 முதல் 300 வோல்ட் வரை என்று போட்ட டிரைவர் பல்பு, கூடுதல் காசுக்கு ஏற்றது. பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். வாரண்டி எத்தனை வருஷம் என்று பார்த்து, பில்லைக் கேட்டு வாங்கிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். வாரண்டிக்குள் போன பல்பை மாற்றித் தர வேண்டியது கம்பெனியின் பொறுப்பு.